அளக்கிறவனுக்குக் கூலி கொடுப்பது யார்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு "வரி" என்பதாகும். வரி என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவதெல்லாம் "எவ்வளவு ஏற்றினார்கள், எவ்வளவு குறைத்தார்கள்" என்பதுதான். தேர்தல் காலத்தில் மேடையேறுகிறவர்களும் அதைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் நூற்றுக்கு ஒன்று குறைக்கிறேன் என்பார். அடுத்தவர் இரண்டு குறைக்கிறேன் என்பார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் விகிதம் என்பது வரியில் பாதிதான். அந்த விகிதம் எந்த மதிப்பின்மீது போடப்படுகிறது என்பது மற்றப் பாதி. முதல் பாதி பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. இரண்டாவது பாதி ஆபீசில் ஒரு ரிஜிஸ்தருக்குள் படுத்துத் தூங்குகிறது. அநியாயம் செய்ய நினைக்கிறவன் எந்தப் பாதிக்குள் போய் ஒளிந்துகொள்ளுவான் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஓர் ஏரியைத் தூர் எடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்ளுவோம். செலவு ஆயிரம் ரூபாய். ஆயக்கட்டில் நிலம் இருப்பவர்கள் ஏக்கர் கணக்கில் பங்கு போட்டுக்கொள்ளுவதென்று ஊர் கூடித் தீர்மானமாகிறது. இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பெரிய வீட்டுக்காரருடைய ஐந்து ஏக்கர் கணக்கில் இரண்டு ஏக்கர் என்று எழுதியிருக்கிறது. உங்களுடைய இரண்டு ஏக்கர் இரண்டு என்றே எழுதியிருக்கிறது. இப்போது என்ன நடக்கும்? "ஏக்கருக்கு இவ்வளவு" என்ற விகிதம் எல்லாருக்கும் சமம்தான். யாரும் யாரையும் ஏமாற்றியதாக வெளியில் தெரியாது. ஆனால் அவர் கொடுக்காமல் விட்ட மூன்று ஏக்கர் பங்கு எங்கே போயிற்று? வானத்துக்கா போயிற்று? உங்கள் தலையிலும் மற்றவர்கள் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. ஆகவே ஒருவனுடைய சொத்தைக் குறைத்து மதிப்பது என்பது சர்க்காரை ஏமாற்றுகிற காரியமல்ல. பக்கத்து வீட்டுக்காரனை ஏமாற்றுகிற காரியம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் டெலவர் என்கிற மாகாணத்தில் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போகிறாய் என்று கேட்பீர்கள். அங்கே இந்த விஷயம் கோர்ட்டுக்குப் போய், சாட்சி விசாரணை நடந்து, தீர்ப்பாகி, அந்தத் தீர்ப்பை அமல் நடத்தினபோது ஜனங்கள் போட்ட கூச்சலும் சேர்ந்து எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. மற்ற இடங்களில் இருட்டில் இருப்பது அங்கே பகலில் இருக்கிறது. அதனால்தான் போகிறேன்.

டெலவர் மிகச் சிறிய மாகாணம். 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்கே இருப்பவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்றே கவுண்டிகள்: வடக்கே நியூ காஸில், நடுவில் கெண்ட், தெற்கே சஸெக்ஸ். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றது. ஆனால் அதற்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை உண்டு, வீட்டையும் நிலத்தையும் மதிப்புப் போடுகிற வேலையும் அதனுடையது. அந்த மாகாணத்து அரசியல் சட்டம், ஒரே வகையான சொத்துக்கு ஒரே சமமான வரிதான் போட வேண்டும் என்கிறது. இன்னொரு சட்டம், சொத்தை அதனுடைய உண்மையான பண மதிப்புக்கு மதிக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எழுதி வைத்தது சரி. நடந்தது என்ன? சஸெக்ஸ் கவுண்டி கடைசியாகத் தன் சொத்துகளை மதித்தது 1974-இல். நியூ காஸில் 1983-இல். கெண்ட் 1987-இல். அதற்குப் பிறகு மூன்று கவுண்டிகளும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டன. வீடுகள் விலை ஏறின, இறங்கின. கரும்புக் கொல்லை மாதிரி கிடந்த இடத்தில் கடற்கரைப் பங்களாக்கள் எழும்பின. தொழிற்சாலை இருந்த இடத்தில் தொழிற்சாலை போய்விட்டது. ரிஜிஸ்தருக்கு மட்டும் இவை ஒன்றும் தெரியாது. அதற்கு எப்போதும் 1974, எப்போதும் 1983, எப்போதும் 1987 தான்.

இதில் இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 2019-இல் ஒருவர் சஸெக்ஸில் புதிதாக வீடு கட்டினால் அதற்கு மதிப்புப் போட வேண்டுமல்லவா? எப்படிப் போட்டார்கள் தெரியுமா? "இந்த வீடு 1974-இல் இருந்திருந்தால் அப்போது என்ன விலைக்குப் போயிருக்கும்?" என்று கணக்குப் போட்டார்கள்! வீட்டுக்காரர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார். வீட்டுக்கு வைத்த ஜன்னல் கண்ணாடி அப்போது உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் பிறக்காத வீட்டுக்கு, இல்லாத காலத்தில், இல்லாத சந்தையில் ஒரு விலை. நம்மூர் ஜோசியராவது பிறந்த பிள்ளைக்குத்தான் ஜாதகம் கணிக்கிறார்.

இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். 1974-இல் பத்தாயிரம் ரூபாய்க்குப் போகக்கூடிய இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒன்று கடற்கரையோரம், மற்றொன்று உள்நாட்டில் வயல்காட்டுப் பக்கம். கடற்கரை வீடு இன்று பத்து லட்சம் போகிறது. உள்நாட்டு வீடு ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. ஆனால் ரிஜிஸ்தரில் இரண்டும் பத்தாயிரம். ஆகவே இரண்டுக்கும் ஒரே வரி. பத்து லட்சத்துக்காரரும் ஒரு லட்சத்துக்காரரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். இதற்குச் "சமமான வரி" என்று பெயர்! இலக்கம் என்னுடையது, ஆனால் சஸெக்ஸின் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையில் நடந்தது இந்த ஜாதி அநியாயம்தான். விலை ஏறிய வீட்டுக்காரனுக்கு விலை ஏறாத வீட்டுக்காரன் வருஷா வருஷம் கப்பம் கட்டி வந்திருக்கிறான். தான் கட்டுவது அவனுக்கே தெரியாது.

நம் நாட்டில் 1802-இல் ஜமீன்தார்களுக்குச் செய்த சாசுவத நிர்ணயம் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்றென்றைக்கும் ஒரே தொகை. குடிகளிடம் வசூலிப்பது மட்டும் வளர்ந்துகொண்டே போகலாம். 1948-இல் சட்டம் போட்டு ஜமீனை ஒழிக்க வேண்டி வந்தது. டெலவரில் யாரும் சாசுவதம் என்று சொல்லிச் செய்யவில்லை. சும்மா இருந்தே செய்துவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் சும்மா இருந்தார்கள்? இதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த இடம். அங்கே இருப்பவர்களெல்லாம் அயோக்கியர்கள் என்று சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது உண்மையாகாது. ஒரு கவுண்டி முழுவதையும் புதிதாக மதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போக வேண்டும், அளக்க வேண்டும், கிரயப் பத்திரங்களைப் பார்த்து அந்தந்த வட்டாரத்தின் விலையை ஆராய வேண்டும், நோட்டீசு அனுப்ப வேண்டும், ஆயிரக்கணக்கில் வரும் அப்பீல்களைக் கேட்க வேண்டும். இதெல்லாம் பணம். அந்தப் பணத்தைக் கவுண்டிதான் போட வேண்டும். ஆனால் டெலவரில் வீட்டு வரியாக வசூலாகும் பணத்தில் பெரும் பங்கு கவுண்டிக்குப் போவதில்லை, பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. அதாவது அளக்கிற கூலி ஒருவன் கொடுக்க வேண்டும். அளந்ததனால் வரும் பலன் மற்றொருவனுக்கு. போதாததற்கு, அளந்தவுடன் வரி ஏறுகிறவர்களெல்லாம் வந்து திட்டப்போவதும் கவுண்டி சபைக்காரரைத்தான். கூலியும் கொடுத்து, திட்டும் வாங்கி, பலனை அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் போடு என்றால் எந்த மனிதன் செய்வான்? அதுவும் சஸெக்ஸுக்கு, சொத்துக் கைமாறும்போது வாங்குகிற வரியிலேயே நல்ல வருமானம். வீட்டு வரியைத் தொட அவர்களுக்கு என்ன தலைவிதி?

பள்ளிக்கூடங்களின் நிலைமையோ வேறு. மதிப்பு உறைந்து கிடப்பதால் வரி வருமானம் தானாக வளராது. ஆசிரியர் சம்பளம் வளரும், கட்டடச் செலவு வளரும். கூடுதல் பணம் வேண்டுமென்றால் பள்ளி வட்டாரத்தில் உள்ள ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். ஓட்டில் தோற்றால் பிள்ளைகள் படிப்பில் கைவைக்க வேண்டியதுதான். தோற்பது எந்த ஊரில் அதிகம் வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியிருக்கையில், 2018 ஜனவரியில், டெலவரிலுள்ள என்.ஏ.ஏ.சி.பி. கிளைகளும் மற்றொரு கல்விச் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டன. என்.ஏ.ஏ.சி.பி. என்பது கறுப்பு மக்களின் உரிமைக்காக 1909 முதல் வேலை செய்துவரும் சங்கம். வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்பது சட்ட விரோதம் என்று 1954-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதல்லவா, அப்போது சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் டெலவர் வழக்கும் ஒன்று. ஆகவே அந்த ஊருக்கு இது புதிய சண்டையல்ல. ஏழைப் பிள்ளைகள், அங்கஹீனமான பிள்ளைகள், இங்கிலீஷ் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகள் ஆகியோருக்கு மாகாணம் சரியான கல்வி கொடுக்கவில்லை என்பது வழக்கு. அதற்குள் ஒரு பகுதியாகத்தான் இந்த வரி மதிப்பு விஷயத்தையும் சேர்த்தார்கள். பிள்ளை படிப்புக்கும் 1974-ஆம் வருஷத்து ரிஜிஸ்தருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல், சம்பந்தத்தைக் கண்டுபிடித்த அந்தப் புத்தியைப் பாராட்ட வேண்டும்.

2020 மே மாதத்தில் சான்செரி கோர்ட் நீதிபதி டிராவிஸ் லாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். மூன்று கவுண்டிகளும் தோற்றன. உண்மை மதிப்புக்கு மதிக்க வேண்டுமென்ற சட்டத்தையும் மீறியிருக்கிறீர்கள், சமமாக இருக்க வேண்டுமென்ற அரசியல் சட்டத்தையும் மீறியிருக்கிறீர்கள் என்பது தீர்ப்பு. 2021-இல் கவுண்டிகள் புது மதிப்புச் செய்வதாக ராஜியானார்கள். மூன்று கவுண்டிகளும் டைலர் டெக்னாலஜிஸ் என்கிற ஒரே கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தன. கெண்டில் 2024-இலும், நியூ காஸில், சஸெக்ஸ் இரண்டிலும் 2025-இலும் புது மதிப்பு அமலுக்கு வந்தது. இனி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி மதித்தே தீர வேண்டும் என்று 2023-இல் சட்டமும் செய்துவிட்டார்கள்.

நியாயம் ஜெயித்தது, கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வருஷ பாக்கியை ஒரே நாளில் கொண்டுவந்து வாசலில் வைத்தால் என்ன ஆகும்? 2025 கோடையில் நியூ காஸிலில் பில்லைப் பார்த்த ஜனங்கள் பதறிப் போனார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு குடியிருக்கும் வீடுகளின் விலை மளமளவென்று ஏறியிருந்தது. கடைகள், ஆபீசுக் கட்டடங்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால் மொத்தச் சுமையில் ஒரு பகுதி கட்டடக் கம்பெனிக்காரர் தோளிலிருந்து வீட்டுக்காரர் தோளுக்கு மாறிவிட்டது. அதோடு, புது மதிப்பு வந்த வருஷத்தில் பள்ளி வட்டாரங்கள் தங்கள் வருமானத்தைப் பத்து சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற சட்டமும் இருந்தது. அதைப் பல வட்டாரங்கள் உபயோகித்துக்கொண்டன. ஆகஸ்டு மாதத்தில் சட்டசபையை விசேஷமாகக் கூட்டி, நியூ காஸில் பள்ளி வட்டாரங்கள் வீட்டுக்கு ஒரு விகிதம், மற்றக் கட்டடத்துக்கு ஒரு விகிதம் போட்டுக்கொள்ளலாமென்று அவசரச் சட்டம் செய்ய வேண்டி வந்தது.

"பார்த்தீர்களா, பழையபடியே விட்டிருக்கலாம்" என்று சொல்லுகிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. பல் வலிக்கு நாற்பது வருஷம் வைத்தியம் பார்க்காமல் இருந்துவிட்டு, பிடுங்கும்போது வலித்ததற்காக வைத்தியரைத் திட்டுவது போன்றது இது. இதில் நாமும் சிரித்துக்கொள்ள முடியாது. சென்னையில் 1998-க்குப் பிறகு இருபது வருஷம் வீட்டு வரியைத் தொடவில்லை, 2018-இல் ஏற்றினார்கள், கூச்சல் எழும்பவே 2019-இல் நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் 2022-இல் தமிழ்நாட்டு நகரங்களில் 25 முதல் 150 சதவிகிதம் வரை ஏறிற்று. சின்னச் சின்னதாகக் கொடுக்க வேண்டிய மருந்தை மொத்தமாக ஊற்றினால் எந்த நாட்டுத் தொண்டையும் ஏற்காது.

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலேயே வேறு வழிகளும் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1978 ஜூன் மாதத்தில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு 13-ஆம் எண் தீர்மானம் என்பதை நிறைவேற்றினார்கள். அதன்படி வரி சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. அந்த மதிப்பும், சொத்து கைமாறாதவரை, வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறக்கூடாது. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் அதன் பலன் என்னவென்றால், பழைய குடிக்கு ஒரு வரி, நேற்று வீடு வாங்கினவனுக்கு ஒரு வரி. 1992-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில், லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாக வீடு வாங்கிய ஓர் அம்மாள், தன் வீட்டைப் போன்ற வீட்டில் வெகுகாலமாக இருக்கும் அண்டை வீட்டாரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்டி வந்தார். மாகாணம் தெரிந்தே செய்துகொண்ட கொள்கை இது, நாங்கள் தலையிட மாட்டோம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதே கோர்ட் 1989-இல் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள வெப்ஸ்டர் கவுண்டி வழக்கில் வேறு விதமாகச் சொல்லிற்று. அங்கே புதிதாக வாங்கிய நிலக்கரி நிலத்துக்கு வாங்கின விலையையே மதிப்பாகப் போட்டு, பக்கத்திலுள்ள பழைய சொத்துகளைப் பழைய மதிப்பிலேயே விட்டுவிட்டார்கள். வித்தியாசம் எட்டு மடங்கிலிருந்து முப்பத்தைந்து மடங்கு வரை இருந்தது. அது செல்லாது என்றார்கள். ஏனென்றால் அந்த மாகாணத்துச் சட்டம் சமம் என்று சொல்லியிருந்தது. அதிகாரி தன் இஷ்டத்துக்கு வேறு செய்தார். கலிபோர்னியாவில் சட்டமே சமம் வேண்டாமென்றது! வக்கீல்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. வரி கட்டுகிறவனுக்கு என்ன பெரிது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, வேறு வழியே இல்லையா என்றால், டெலவருக்கு மேற்கிலும் தெற்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மேரிலாந்தைப் பாருங்கள். அங்கே இருபத்துமூன்று கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும் உண்டு. 1973-இல் சட்டம் செய்து, மதிப்புப் போடுகிற வேலையைக் கவுண்டிகளிடமிருந்து மாகாணமே எடுத்துக்கொண்டது. இருபத்துநான்கு இடங்களிலும் ஆபீசு இருக்கிறது. ஆனால் அதில் உட்கார்ந்திருக்கிறவர் மாகாணச் சிப்பந்தி, கவுண்டிச் சிப்பந்தி அல்ல. விகிதம் போடுவது கவுண்டி சபை; மதிப்புப் போடுவது மாகாண இலாகா. தராசு ஒருவன் கையில், விலை மற்றொருவன் கையில். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சொத்துகளையெல்லாம் மூன்று பங்காகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு வீதம் மதித்துக்கொண்டே போகிறார்கள். மூன்றாவது வருஷம் முடிந்ததும் முதல் பங்குக்குத் திரும்பி வருகிறார்கள். ஆகவே வேலைக்காரர்களுக்கு எல்லா வருஷமும் வேலை உண்டு. செலவும் எல்லா வருஷமும் ஒரே சீராக இருக்கும். மதிப்பு ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை மூன்றாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பங்காகச் சேர்க்கிறார்கள். இறங்கியிருந்தால் உடனே முழுவதும் இறக்கிவிடுகிறார்கள். டெலவரில் கேட்ட கூச்சல் அங்கே ஏன் அவ்வளவு கேட்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. மதிப்பு தப்பு என்று நினைக்கிறவர் முதலில் அந்த ஆபீசிலேயே சொல்லிக்கொள்ளலாம்; பிறகு அப்பீல் போர்டு; அதற்கும் மேல் வரிக்கோர்ட்.

செலவு? அதுதானே நம் கேள்வி. வெகுகாலம் மாகாணமே கொடுத்து வந்தது. 2011-இல் மாகாணத்துக்குப் பணமுடை வந்தபோது, மதிப்புப் போடும் செலவில் தொண்ணூறு சதவிகிதத்தை இரண்டு வருஷத்துக்குக் கவுண்டிகள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐம்பது சதவிகிதம் என்று சட்டம் செய்தார்கள். கவுண்டிகள் முணுமுணுத்தன. ஆனால் கவனியுங்கள்: பணம் கொடுப்பதற்கும் அளக்கிறவனை நிறுத்தி வைக்கிற அதிகாரத்துக்கும் அங்கே சம்பந்தமில்லை. எனக்கு இந்த வருஷம் அளக்க இஷ்டமில்லை, ஆகவே பணம் தரமாட்டேன் என்று ஒரு கவுண்டி சொல்ல முடியாது. பங்கு கொடுத்தே ஆக வேண்டும், வேலை நடந்தே தீரும். பங்கு எவ்வளவு என்பதில் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அளப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை போட இடம் கொடுக்கக் கூடாது. பலனைச் சாப்பிடுகிற பள்ளி, கவுண்டி, நகரம் எல்லாரும் சாப்பிடுகிற அளவுக்குக் கூலியிலும் பங்கு போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். டெலவரில் பள்ளிக்கூடங்கள் கூலியில் பங்கு போட்டிருந்தால், அளக்கச் சொல்லிக் கேட்கிற அதிகாரமும் அவற்றுக்கு எப்போதோ வந்திருக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டிய வேலை இருந்திராது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் வரும் தொல்லையையும் மறைக்கக்கூடாது. 2024 ஆரம்பத்தில் மேரிலாந்தில், அச்சிட்டுத் தபாலில் சேர்க்கிற காண்டிராக்டு வேலையில் தவறு ஏற்பட்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்களுக்கு மதிப்பு நோட்டீசு உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. கவுண்டிகளின் வருமானமே ஆபத்தில் மாட்டிக்கொள்ள, சட்டசபை அவசரமாகச் சட்டம் செய்து கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. கவுண்டிக்குக் கவுண்டி தனியாக இருந்தால் ஓரிடத்துத் தப்பு ஓரிடத்தோடு போயிருக்கும். ஆகவே மாகாண இலாகா என்றவுடன் கும்பிடு போட்டுவிட வேண்டியதில்லை. அதையும் பரீட்சை செய்ய வேண்டும்.

"உள்ளூர்க்காரனுக்குத்தானே உள்ளூர் விலை தெரியும், தலைநகரத்திலிருந்து வருகிறவனுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். உள்ளூர்க்காரனுக்கு விலை மட்டுமா தெரியும்? யார் வீடு யாருடையது, யார் சபையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அல்லவா தெரியும்! யார் மதித்தாலும், மதிப்பைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இந்த வருஷம் கைமாறின வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்தர் மதிப்பைக் கிரய விலையால் வகுத்துப் பாருங்கள். விலை நூறு, ரிஜிஸ்தரில் தொண்ணூற்றைந்து என்றால் தொண்ணூற்றைந்து சதவிகிதம். எல்லா வீடும் இதையொட்டியே வந்தால் மதிப்பு யோக்கியமானது. ஒன்று நாற்பது, ஒன்று நூற்றிருபது என்று தாறுமாறாக வந்தால் ஊழல் அல்லது சோம்பல். நடுவிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. குடியிருக்கும் வீடுகளுக்கு அது ஐந்துக்கும் பதினைந்துக்கும் உள்ளாக இருக்க வேண்டும் என்று மதிப்பீட்டு அதிகாரிகளின் சர்வதேசச் சங்கமே விதி வைத்திருக்கிறது. மற்றொரு சோதனை, மலிவு வீட்டின் சதவிகிதம் உயர்ந்தும் பங்களாவின் சதவிகிதம் தாழ்ந்தும் இருக்கிறதா என்பது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். கிரயமும் மதிப்பும் வெளிப்படையாகப் பிரசுரமாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை அமெரிக்கா முழுவதற்கும் செய்து பார்த்து 2022-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரே வரி எல்லைக்குள், ஒரே விகிதத்தின்கீழ், கறுப்பர்களும் ஹிஸ்பானிக் மக்களும் தங்கள் வீட்டு விலைக்குத் தக்கபடி பார்த்தால் பத்து முதல் பதின்மூன்று சதவிகிதம் அதிக வரிச் சுமை சுமக்கிறார்கள் என்று கண்டார்கள். எந்தச் சட்டத்திலும் "கறுப்பனுக்கு அதிகம்" என்று எழுதியிருக்கவில்லை. ஒருவேளை எழுதியிருந்தால் எப்போதோ கிழித்திருப்பார்கள். மதிப்புப் போடுகிறவன் ஒவ்வொரு தெருவின் நன்மை தீமையையும் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒரு காரணம். அப்பீல் செய்து குறைத்துக்கொள்ளுகிறவர்கள் பெரும்பாலும் வசதியும் விவரமும் உள்ளவர்களாகவே இருப்பது மற்றொரு காரணம். அப்பீல் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆபீசு வாசலில் நிற்க முடிகிறவனுக்குத்தான் அந்த உரிமை. ஆகவே அப்பீலை நம்பி அநியாயத்தைச் சரிக்கட்டலாமென்பது, பூட்டை உடைத்தவனைப் பிடிக்காமல், பறிகொடுத்தவனைப் பிராது கொடுக்கச் சொல்லுவது போன்றது.

டெலவரில் இப்போது பாக்கியிருக்கும் காரியத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறேன். மதித்துக் கொடுத்த கம்பெனி காண்டிராக்டு முடிந்தால் போய்விடும். நாளைக்கு ஒருவன் மாடி கட்டுவான், ஒருவன் மனையைப் பிரித்து விற்பான், ஒருவன் வீடு இடிந்துபோகும். இதையெல்லாம் ரிஜிஸ்தரில் ஏற்றக் கவுண்டியில் நிரந்தரமாகத் தேர்ந்த ஆள் இருக்க வேண்டும். புதுச் சட்டப்படி கெண்ட் கவுண்டி 2029-க்குள்ளும், மற்ற இரண்டும் 2030-க்குள்ளும் மறுபடி மதித்தாக வேண்டும். அந்தக் கூலியை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்கிறார்களா, அல்லது நாலாவது வருஷம் வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் "பணமில்லை, இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள்" என்று சட்டசபை வாசலில் போய் நிற்கப் போகிறார்களா என்பதை அந்த மூன்று கவுண்டிகளின் பட்ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும்.